கம்பத்து உச்சியில் ஒரு போன்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் பேச்சின் நடுவில் லைன் அறுந்தது. மட்டக்களப்பிலிருந்து ஒரு அம்மா, மகளுக்கு வாங்கின தையல் மெஷின் பார்சல் எங்கே என்று அழாத குறையாகக் கேட்கிறார். "கொஞ்சம் இருங்கம்மா, பார்த்துச் சொல்றேன்" என்றேன். அவ்வளவுதான், நெட் போயிற்று. அந்த அம்மா என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?

வாசலுக்கு ஓடி மேலே பார்த்தேன். கோயிலுக்குப் பின்னால் மூங்கில் கம்பத்தின் உச்சியில் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றும் நடக்காத மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. அண்ணனுடைய பழைய போன் அதற்குள்தான் இருக்கிறது. எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து இந்த வரிசை வீடுகளில், எந்த மூலையில் நின்றாலும் சிக்னல் இல்லை, அந்த உயரத்தில் மட்டும் உண்டு. அங்கிருந்து ஹொட்ஸ்பொட் போட்டால் கீழே என் லெப்டொப்புக்கு நெட் வரும். குழி தோண்டிக் கம்பத்தை நட்டது பக்கத்து வீட்டுப் பொன்னையா மாமா. "அம்மனுக்குக் கம்பம் நட்ட கை, ஒன் போனுக்கும் நட்டாச்சு" என்று சிரித்தார். கோயில் லைட்டிலிருந்து வயர் இழுத்து சார்ஜும் ஏறுகிறது. ஆனால் டப்பாவுக்குள் போன் கொதித்துத் தானாக அணைந்துவிடுகிறது. அண்ணன் ஏறி இறக்க வேண்டும். அண்ணன் ஓட்டோவோடு ஹட்டன் டவுனில் நின்றால் அன்றைக்கு எனக்கு வேலை இல்லை.

கொழும்புப் பார்சல் கம்பெனி என்னை வாடிக்கையாளர் அழைப்பு எடுக்க இந்த மாதம் முழுக்கச் சோதனைக்கு வைத்திருக்கிறது. லைன் ஒழுங்காக இருந்தால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. இல்லாவிட்டால் கொழும்புக்குப் போய் ஒபிஸில் உட்கார வேண்டும். கொழும்பு எனக்கு வேண்டவே வேண்டாம். அங்கே வெள்ளவத்தைச் சாரிக் கடையில் நின்று முழங்கால் வீங்கியது போதும்.

ஜூன் 4, புதன்

அண்ணன் போனை இறக்கித் தந்தான். திறந்து பார்த்தால் சந்தைக்கடை. குட்டி வீடியோ ஆப், ஜோசிய ஆப், மூன்று கேம், லொத்தர் சீட்டு முடிவு சொல்கிற ஆப் ஒன்று. யாரும் தொடாவிட்டாலும் எல்லாம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சூடு வராமல் என்ன செய்யும்?

அழித்துவிடலாம் என்றேன். அண்ணன் குதித்தான். "ஒன்னையும் அழிக்காத வினோ. அந்த பஸ் கேம்ல நான் கண்டி வரைக்கும் வந்துட்டேன். அழிச்சா மறுபடி மொதல்ல இருந்து ஓட்டணும்." நிஜ ரோட்டில் நாள் முழுக்க ஓட்டுகிறவனுக்கு இது வேறு.

மெரினாவிடம் கேட்டேன். ஹட்டனில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தபோது என் பக்கத்து நாற்காலி அவள். இப்போது போன் திருத்துகிற கடையில் வேலை செய்கிறாள். "அழிக்க வேணாம்டி. ஓடுறத நிப்பாட்டுனா போதும். லெப்டொப்ல இருந்தே நிப்பாட்டலாம். கறுப்புத் திரையில எழுதி அனுப்பணும்." மேலே இருக்கிற போனைக் கீழே இருந்தேவா? "ஆமாங்கிறேன்ல."

ஜூன் 5, வியாழன்

நடந்துவிட்டது.

முதலில் போனை வயரால் லெப்டொப்பில் செருகி, மெரினா சொன்னபடி ஒரு கட்டளை கொடுத்தேன். அதற்குப் பிறகு வயர் தேவையில்லை, ஹொட்ஸ்பொட் வழியாகவே போன் என் பேச்சைக் கேட்கும். போன் அணைந்து எழும்பினால் மட்டும் மறுபடி வயர் வேண்டும். அண்ணன் போனை டப்பாவில் வைத்துக் கம்பத்தில் ஏற்றினான். நான் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். போனின் சூட்டைக் கேட்டேன். 437 என்று பதில் வந்தது.

நானூற்று முப்பத்தேழா? "அண்ணே, எறக்கு, எறக்கு, வெடிக்கப் போகுது" என்று கத்திவிட்டேன். இறங்கிக்கொண்டிருந்த அண்ணன் பாதிக் கம்பத்தில் உறைந்து நின்றான். மெரினாவுக்குப் போட்டால் அவள் சிரிப்பாய்ச் சிரிக்கிறாள். கடைசி எண்ணுக்கு முன்னால் புள்ளி வைத்துப் படிக்க வேண்டுமாம். நாற்பத்து மூன்று புள்ளி ஏழு. அண்ணன் திட்டினதை இங்கே எழுத முடியாது.

பிறகு இதை அடித்தேன்:

adb shell am force-stop

அதன் வாலில் ஜோசிய ஆப்பின் நீளப் பெயர். என்டர். ஒரு சத்தமும் இல்லை, ஒரு பதிலும் இல்லை. ஏமாந்துவிட்டேனோ என்று, ஓடுகிறவை எவை என்று கேட்டுப் பார்த்தேன். பட்டியலில் ஜோசியம் இல்லை! வீடியோவை நிறுத்தினேன், போயிற்று. கேம்களை நிறுத்தினேன், போயிற்று. சோறு வெந்து இறக்குகிற நேரத்துக்குள் 437, 380-க்கு வந்துவிட்டது. அந்த உயரத்தில் இருக்கிற ஒன்றை வாசலில் உட்கார்ந்துகொண்டு நான் அடக்கியிருக்கிறேன். நான், தோட்டத்து மேல் டிவிசன் வினோதா.

பொன்னையா மாமா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "என்னா புள்ள, வாயத் தொறக்காம அதட்டுறியா?" என்றார். ஆமாம் மாமா, அதேதான்.

ஜூன் 8, ஞாயிறு

மூன்று நாளாக ஒரு அழைப்பும் அறுந்து போகவில்லை. கம்பெனி மேற்பார்வையாளர் நதீஷா மிஸ், "வினோதா, லைன் எக ஹொந்தய்" என்று சிங்களத்தில் செய்தி போட்டார். லைன் நன்றாக இருக்கிறதாம். நூறு தடவை படித்தேன்.

ஒரே தொந்தரவு, அண்ணன் எப்போதாவது போனை இறக்கித் திறந்துபார்த்தால் நிறுத்தினவை மறுபடி எழும்பிவிடுகின்றன. ஒவ்வொன்றாக அடிப்பதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதி, ஒரு தட்டில் நிறுத்தினால் என்ன? பின்னேரம் முழுக்க உட்கார்ந்தேன். போனோடு வந்தவற்றை விட்டுவிட்டு, அண்ணன் ஏற்றினவை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் நிறுத்துகிற கோப்பு. ஒரு தட்டு தட்டினேன். திரையில் வரிவரியாக ஓடி முடிந்தது. 340.

எவ்வளவு கெட்டிக்காரி நான். அம்மாவிடம் சொன்னேன். "சரி, கெட்டிக்காரி, பானைய கழுவி வையி" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

ஐயோ.

ஜூன் 9, மறுபடியும்

எழுதித்தான் ஆறவேண்டும்.

எங்கள் லயம் எழும்புவது கோயில் பாட்டில். விடிகாலை ஐந்து மணிக்கு மாரியம்மன் பாட்டு ஸ்பீக்கரில் கிளம்பும், அடுப்புகள் பற்றும், ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்கும், கொழுந்து பறிக்கிறவர்கள் பெரட்டுக்கு, காலை ஆள்கணக்குக்கு, போய்ப் பேர் கொடுப்பார்கள். எல்லோர் கையிலும் போன் உண்டுதான், அலாரம் மட்டும் யாரும் வைப்பதில்லை. அம்மனே எழுப்புகிறபோது அலாரம் எதற்கு?

அந்தப் பாட்டு எங்கிருந்து வருகிறது? போன வருடம் கோயில் ரேடியோ பழுதானபோது அண்ணன்தான் வழி செய்தான். நேரம் வைத்துப் பாட்டுப் போடுகிற ஒரு ஆப்பை ஏற்றி, புளூடூத்தில் கோயில் ஸ்பீக்கரோடு சேர்த்துவிட்டான். எந்தப் போனில்? கம்பத்து உச்சியில் இருக்கிற அதே போனில்.

நான் ஒன்று விடாமல் நிறுத்தினேனே, அதில் பாட்டும் போயிருக்கிறது.

காலையில் கண் விழித்தபோது சன்னல் வெளுத்திருந்தது. அம்மா பதறி எழும்பி, "என்னாடி இது, பாட்டு கேக்கலயே" என்றாள். லயம் முழுக்க அதே கூச்சல். கொண்டை போடாமல், கூடையை இழுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் ஓடினார்கள். பெரட்டு கலைந்துவிட்டதாம். கணக்கப்பிள்ளை அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார். மொத்த லயமும் கூடையோடு போய்க் கூடையோடு திரும்பி வந்தது.

ஸ்பீக்கர் பழுது, கரண்ட் பழுது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மறைக்கத் தெரியாது எனக்கு. நடு முற்றத்தில் நின்று, "நான்தான். தெரியாம நிப்பாட்டிட்டேன்" என்றேன்.

அம்மாக்கண்ணு அத்தை, பொன்னையா மாமாவின் மனைவி, கூடையைத் தரையில் போட்டார். "ஒன் ஒருத்தி வேலைக்கி எங்க எல்லார் வேலையையும் கெடுத்துட்டியே புள்ள. அம்மன் வாயையே கட்டுற அளவுக்கு வந்துட்டியா? அந்தக் கம்பத்தப் புடுங்கிப் போட்டாத்தான் இந்த லயம் உருப்படும்."

பொன்னையா மாமா ஏதோ சொல்ல வாயெடுத்து இருமலில் மாட்டிக்கொண்டார். நாலு பேர் அத்தைக்குத் தலையாட்டினார்கள். தோட்டத் தலைவர் கணேசமூர்த்தி, "ஞாயித்துக்கெழம கூட்டத்துல பேசுவோம்" என்றார். கம்பம் நிற்பது கோயில் நிலம். கூட்டத்தில் பிடுங்கு என்றால் பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கினால் எனக்குக் கொழும்பு.

அழுதேன். என்னத்துக்கு மறைக்கணும், நல்லா அழுதேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒன்று புரியவே இல்லை. ஆப்பை நிறுத்தினால் அந்த நேரத்துக்கு நின்றிருக்கும், சரி. ஐந்து மணி ஆனதும் அதன் அலாரம் எழுப்பியிருக்க வேண்டாமா? மெரினாவிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. தேடித் தேடிப் படித்தேன்.

இப்போது தெரியும். இரண்டு விதமாக நிறுத்தலாம். நான் அடித்த force-stop வாயில் துணி அடைத்த மாதிரி. ஆப் வைத்திருந்த அலாரங்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். யாராவது கையால் திறக்கும்வரை அது தானாக எழும்பாது. am kill என்று இன்னொன்று இருக்கிறது. பெயரைப் பார்த்தால் கொலைகாரி, குணத்தில் இதைவிடச் சாது. பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறவற்றை மட்டும் வெளியே அனுப்பும். வேலையில் இருக்கிறதைத் தொடாது. அலாரம் அலாரமாகவே இருக்கும்.

பெயரை வைத்து ஆளை எடை போடாதே என்று அம்மா சொல்லுவாள். கட்டளைக்கும் அதேதான் போலிருக்கிறது.

கோப்பை அழித்து மறுபடி எழுதினேன். கேமுக்கும் வீடியோவுக்கும் ஜோசியத்துக்கும் பெரிய அதட்டல். மற்றவற்றுக்குச் சின்னது. பாட்டு ஆப் பக்கமே போவதில்லை. அதைக் கீழே இருந்தபடியே திறந்துவிட ஒரு கட்டளையும் கற்றுக்கொண்டேன், திறந்தால் பழைய நேரத்தை அதுவே மறுபடி பிடித்துக்கொள்கிறது.

ஜூன் 11, புதன்

ஐந்து மணி, பாட்டு வந்தது. அதற்கு முன்னாலேயே விழித்துப் பாயில் உட்கார்ந்திருந்தேன். முதல் மேளச் சத்தம் கேட்டதும் என்னையறியாமல் கை கும்பிட்டது. அம்மனையா போனையா என்று கேட்காதே.

அம்மாக்கண்ணு அத்தை குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பின்னால் வந்த பொன்னையா மாமா மெதுவாக, "பாட்டு கணீர்ன்னு இருந்துச்சு புள்ள" என்றார். அது போதும் எனக்கு இன்றைக்கு.

ஜூன் 13, வெள்ளி

மழை, காற்று. கம்பம் வளைந்து வளைந்து நிமிர்கிறது. ஆனாலும் முழு நாளும் ஒரு அழைப்புகூட அறுந்து போகவில்லை. புத்தளத்து ஐயா ஒருவர், "நீங்க எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்டார். ஹட்டன் பக்கம், தோட்டம் என்றேன். "தோட்டத்துல இருந்தா பேசுறீங்க, பக்கத்து ரூம்ல இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றார். லெப்டொப்புக்கு முத்தம் கொடுத்தேன். யாரும் பார்க்கவில்லை.

நாளை மறுநாள் கூட்டம். அண்ணன் சொல்கிறான், கம்பம் வேண்டும் என்பவர் குறைவு, வேண்டாம் என்பவர் அதிகம். அம்மாக்கண்ணு அத்தை வீடு வீடாகப் பேசியிருக்கிறாராம். நான் என்ன பேசுவது? இனி தவறு நடக்காது என்றா? போன ஞாயிறும் தவறு நடக்காது என்றுதானே நினைத்தேன்.

ஜூன் 14, சனி

பொன்னையா மாமா போய்விட்டார்.

காலையில் மூச்சு முட்டுகிறது என்று அண்ணனுடைய ஓட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பின்னேரம் செய்தி வந்தது. அத்தை அங்கேயே இருக்கிறார். இரவோடு கொண்டுவருவார்களாம். நேற்றுகூடக் கம்பத்தின் அடியில் கல்லை இறுக்கிக் கொடுத்தார் மாமா. மழையில் ஏன் மாமா என்றதற்கு, "காத்துக்கு சாயக்கூடாதுல்ல" என்றார். எனக்கு எழுத வரல. அப்புறம் எழுதுறேன்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று விட்டதை எழுதுகிறேன்.

பொழுது சாய்கிற நேரம் தலைவர் குடையோடு எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வராமல் நின்றபடியே கேட்டார்.

"வினோதா, விடிய அஞ்சு மணிக்கிப் பாட்டு வந்துரும்ல?"

"வரும் தலைவரே."

"வரக்கூடாதும்மா. சாவு விழுந்த லயத்துல கோயில் நட தொறக்கக்கூடாது. பாட்டும் வரக்கூடாது. பூசாரி செத்தவரோட தம்பி, தீட்டுல இருக்காரு. சாவி அவருகிட்ட. உள்ள போயி ஸ்பீக்கர நிப்பாட்ட ஆளில்ல. ஒங்க அண்ணன் ஆஸ்பத்திரியில. இந்த மழையில கம்பத்துல எவனும் ஏற முடியாது." பிறகு, "கீழ இருந்தே நிப்பாட்டுவியாமே" என்றார்.

ஞாயிறு கூட்டத்தில் கம்பத்தைப் பிடுங்குவதா என்று பேசப் போகிறவரே இதைக் கேட்கிறார். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை, இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. மாமாவை நடுவீட்டில் கிடத்தியிருக்கும்போது, ஊர் முழுக்கக் கொட்டு மேளத்தோடு பாட்டு கிளம்பினால் அத்தைக்கு எப்படி இருக்கும் என்பது மட்டும்தான் தோன்றியது.

லெப்டொப்பைத் திறந்தேன். இந்த முறை சாது வேண்டாம். அலாரத்தையும் சேர்த்துத் துடைக்கிறது எதுவோ, அதுதான் வேண்டும். பாட்டு ஆப்பின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். என்டர். பட்டியலைக் கேட்டேன், இல்லை. இன்னொரு தடவை கேட்டேன், இல்லை.

"நின்னுருச்சு தலைவரே. நானாத் தொறக்கிற வரைக்கும் வராது."

அவர் குடையோடு மழையில் போனார்.

இன்று விடிய ஐந்து மணிக்கு லயம் ஊமையாக இருந்தது. மழைச் சத்தமும் அத்தையின் அழுகையும் மட்டும். போன திங்கள் இதே அமைதிக்குத்தான் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். இன்று யாரும் வேலைக்குப் போகவில்லை, சாவு வீட்டு முற்றத்தில் கூடினார்கள். பின்னேரம் மாமாவைக் கொண்டுபோய்விட்டோம்.

கூட்டம் நடக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

வேலைக்குப் போகிறவர்கள் கதவைத் தட்டித் தட்டி ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டார்கள். பெரட்டுக்கு யாரும் பிந்தவில்லை. பாட்டைப் போடுவதா என்று தலைவரிடம் கேட்டேன். நேற்று அடக்கம் முடிந்ததும் வேறு ஆளை வைத்துக் கோயிலைக் கழுவி நடை திறந்தாயிற்று, போடலாம்தான் என்றார். "ஆனா அந்த வீட்டுக்கு நேரா ஸ்பீக்கர் இருக்கு" என்று முடித்துக்கொண்டார். நான் போடவில்லை.

ஜூன் 18, புதன்

வேலை, வேலை. அழைப்புகள் நன்றாகப் போகின்றன. சந்தோஷப்படலாமா என்று தெரியாமல் சந்தோஷப்படுகிறேன்.

ஜூன் 20, வெள்ளி

நதீஷா மிஸ் காலையில் செய்தி போட்டார். சோதனைக் காலம் முடியுமுன்பே எடுத்துவிட்டார்களாம். நிரந்தரம். வீட்டிலிருந்தே. அம்மாவிடம் சொன்னபோது கொழுந்துக் கூடையோடு அப்படியே நின்று, "கொழும்புக்குப் போக வேணாமா?" என்றாள். வேணாம்மா. "அப்ப கம்பத்த புடுங்கிட்டாங்கன்னா?" என்றாள் அடுத்த வாயில். அம்மாவுக்கு எப்போதும் இரண்டாவது கேள்வி ஒன்று இருக்கும். எனக்கும் அதுதான் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. இந்த ஞாயிறு கூட்டம் கட்டாயம் நடக்குமாம்.

ஜூன் 22, ஞாயிறு

கோயில் முன்னால் கூட்டம். நானும் அண்ணனும் ஓரமாக நின்றோம். தலைவர் கம்பத்தைப் பற்றி ஆரம்பித்தார், போன முறை புகார் வந்தது, அதனால் இப்படி இப்படி என்று. எல்லோரும் புகார் சொன்னவரைப் பார்த்தார்கள்.

அம்மாக்கண்ணு அத்தை எழுந்தார். வெள்ளைச் சேலை. ஒரு வாரத்தில் பாதியாகிவிட்டார்.

"நான்தான் புடுங்கச் சொன்னேன்" என்றார். "இப்ப சொல்றேன், அதுல யாரும் கை வைக்கக்கூடாது. அவரு தோண்டுன குழி அது. கல்லு வச்சி இறுக்குனதும் அவருதான். நான் இருக்கிற வரைக்கும் அந்தக் குழிய மூட விடமாட்டேன்."

அவ்வளவுதான் கூட்டம். தலைவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அண்ணன் என் கையைப் பிடித்து இறுக்கினான், வலித்தது.

கூட்டம் கலைந்த பிறகு அத்தை எங்கள் வாசலுக்கு வந்தார். மாமா போனதிலிருந்து அந்த வீட்டை விட்டு அவர் வேறு வாசலுக்கு வந்ததில்லை. நான் எழுந்து நின்றேன்.

"அன்னைக்கி விடிய நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன் புள்ள. அஞ்சு மணி ஆவுது, பாட்டு வந்துருமோ வந்துருமோன்னு நெஞ்சு அடிச்சிக்கிச்சு. வரல. நீ நிப்பாட்டுனேன்னு பொறகுதான் சொன்னாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் ஏன் போடாம வச்சிருக்க?"

"நீங்க சொல்லட்டும்னு இருந்தேன் அத்த."

அவர் கம்பத்தைப் பார்த்தார். உச்சியில் டப்பா ஆடிக்கொண்டிருந்தது.

"நாளையில இருந்து நானும் கொழுந்தெடுக்க மலைக்கிப் போறேன். எத்தன நாளு உக்காந்துருக்கிறது? விடிய எந்திரிக்கணும்ல. பாட்டப் போடு."

அவர் நிற்கும்போதே லெப்டொப்பை மடியில் வைத்து, பாட்டு ஆப்பைத் திறக்கிற கட்டளையை அடித்தேன். என்டர்.

ஜூன் 23, திங்கள்

ஐந்து மணிக்குப் பாட்டு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை வீட்டில் அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. நான் எழும்பித் தண்ணீர் வைத்தேன்.